ஜப்பானில் ஜென் கோயிலில் உட்காரப் போகிறீர்களா? கிளம்பும் முன் இதைப் படியுங்கள்

காலை 6.57. கியோட்டோவில் ஒரு சிறிய ஜென் கோயிலின் பக்கவாசலில் மூச்சு வாங்க நிற்கிறேன். தியானம் 7 மணிக்கு. மூன்று நிமிடம் இருக்கிறதே என்று கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. உள்ளே மணி அடிப்பது கேட்கிறது. வாசலில் இரண்டு வரிசையாகச் செருப்புகள், எல்லாம் மூக்கு வெளியே பார்த்தபடி. 6.45க்கே எல்லோரும் வந்து, செருப்பைத் திருப்பி வைத்து, உட்கார்ந்துவிட்டார்கள். ஆறாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போனவன் அன்று அந்தச் செருப்புகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அந்தப் பயணத்தில் நான் செய்த தப்பு அது ஒன்று மட்டுமில்லை. நீங்களாவது இப்படி அலையாமல் இருக்கட்டும் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன். கோயில்களின் வரலாறு இதில் கிடையாது. என்ன காகிதம், எவ்வளவு காசு, எத்தனை மணி, அவ்வளவுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜென் கோயிலைப் பார்ப்பது வேறு, அங்கே தியானத்தில் உட்காருவது வேறு. பார்க்கப் பெரும்பாலும் டிக்கெட் வாங்கினால் போதும், எந்த நாளும் போகலாம். உட்கார வேண்டும் என்றால் அவர்கள் சொல்லும் நாளில், அவர்கள் சொல்லும் நேரத்தில், பெரும்பாலும் முன்பதிவோடு போக வேண்டும். விமான டிக்கெட்டையும் ஹோட்டலையும் முதலில் போட்டுவிட்டு, நடுவில் எங்காவது தியானத்தைச் செருகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என் சிக்கல் எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

1. எது ஜென் கோயில் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைச் சரிபார்க்காமல்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஜப்பானில் இரண்டு கம்பங்கள் நிற்கும் தோரி வாசல் தெரிந்தால் அது பெரும்பாலும் ஷின்டோ ஆலயம், அதாவது ஜப்பானின் பழைய மதத்தின் ஆலயம், பௌத்தக் கோயில் இல்லை. ஃபுஷிமி இனாரி, மெய்ஜி ஜிங்கு எல்லாம் அந்த வகை. பௌத்தக் கோயில்களின் பெயர் பெரும்பாலும் 'ஜி', 'தேரா', 'இன்' என்று முடியும். ஆனால் ஜென் என்பது உட்கார்ந்து தியானம் செய்வதை முக்கியமாகக் கொண்ட ஒரு பௌத்தப் பிரிவுதான், பௌத்தக் கோயில் எல்லாமே ஜென் கோயில் ஆகிவிடாது. டோக்கியோவின் சென்ஸோஜி ஜென் இல்லை. கியோட்டோவின் கியோமிஸு தேராவும் இல்லை.

கோயா மலைதான் பெரிய குழப்பம். 'ஜென் அனுபவத்துக்குக் கோயாசான் போங்க' என்று பல பேர் சொல்வார்கள். அருமையான இடம், போய் வாருங்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட கோயில்களில் தங்கலாம். ஆனால் அது ஷிங்கோன் என்ற வேறு பௌத்தப் பிரிவு. மந்திரம், முத்திரை, ஹோமம் எல்லாம் அங்கே உண்டு. விடிகாலையில் நெய்க்குப் பதில் எண்ணெய் ஊற்றி, குச்சிகளைத் தீயில் போடும் கோமா பூஜையைப் பார்த்தால் நம் வீட்டுக் கணபதி ஹோமம் ஞாபகம் வரும். அமைதியாகச் சுவரைப் பார்த்து உட்காருவது மட்டும் அங்கே கிடைக்காது.

ஜென்னில் நீங்கள் சந்திக்கப் போவது முக்கியமாக இரண்டு பிரிவுகள். ரின்ஸாய், ஸோதோ. கியோட்டோ, காமகுராவின் பெரிய கோயில்களில் பெரும்பாலானவை ரின்ஸாய். அங்கே எதிரெதிர் வரிசையில், முகம் அறையின் நடுவைப் பார்த்திருக்க உட்காருவார்கள். ஸோதோவின் தலைமைக் கோயில்கள் ஃபுகுயியில் எய்ஹெய்ஜியும் யோகோஹாமாவில் ஸோஜிஜியும். அங்கே முகம் சுவரைப் பார்க்கும். எனக்குச் சுவர்தான் வசதியாக இருந்தது. எதிரில் இருப்பவர் நெளிவது தெரியாது, நாம் நெளிவதும் அவருக்குத் தெரியாது.

2. உட்காரும் நாளை முதலில் பிடியுங்கள்

தியான அமர்வை அங்கே ஸாஸென் என்பார்கள், பொதுமக்களுக்கான கூட்டத்தை ஸாஸென்காய் என்பார்கள். இது மூன்று வகையில் கிடைக்கிறது.

முதல் வகை, வெளிநாட்டவருக்காகவே ஆங்கிலத்தில் நடத்துவது. கியோட்டோ மியோஷின்ஜி வளாகத்தில் இருக்கும் ஷுன்கோ இன் இதற்குப் பெயர் பெற்றது. கென்னின்ஜி வளாகத்து ரியோஸோகு இன்னிலும் பொதுமக்களுக்கு அமர்வுகள் உண்டு. கட்டணம் 1,000 முதல் 3,000 யென் வரை வரும், தேநீர் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். 100 யென் என்றால் ஏறக்குறைய 55 முதல் 60 ரூபாய். முதல் தடவை போகிறவர்கள் கூச்சப்படாமல் இதையே எடுங்கள். கால் மடக்குவதிலிருந்து எழுந்து நிற்பது வரை சொல்லித் தருவார்கள்.

இரண்டாவது, உள்ளூர்க்காரர்களோடு உட்காருவது. இலவசமாகவோ நுழைவுக் கட்டணத்தோடோ முடிந்துவிடும். காமகுராவில் கென்ச்சோஜியும் எங்காகுஜியும் நீண்ட காலமாகப் பொதுமக்களை உட்கார வைக்கும் கோயில்கள். டோக்கியோவிலிருந்து யோகோசுகா ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் கிட்டா காமகுரா நிலையம் வந்துவிடும். இறங்கினால் எங்காகுஜியின் படிக்கட்டு ரயில் பாதையை ஒட்டியே நிற்கும். கியோட்டோவில் தென்ரியூஜி, தோஃபுகுஜி போன்ற பெரிய கோயில்களில் ஞாயிற்றுக்கிழமைக் காலை அமர்வுகள் உண்டு. எல்லாம் ஜப்பானிய மொழியில்தான் நடக்கும். பக்கத்தில் இருப்பவர் செய்வதைப் பார்த்துச் செய்தால் சமாளிக்கலாம்.

மூன்றாவது, இரவு தங்கி உட்காருவது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தேதி பிடிக்கும்போது இதைக் கவனியுங்கள். கோயில் தளத்தின் ஆங்கிலப் பக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். அது பெரும்பாலும் பழைய விவரமாக இருக்கும். ஜப்பானியப் பக்கத்தைத் திறந்து கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பாருங்கள். 'இந்த மாதம் இல்லை' என்ற அறிவிப்பு அங்கேதான் இருக்கும். தொலைபேசியில் மட்டும் பதிவு செய்யும் கோயில் என்றால் ஹோட்டல் வரவேற்பில் கேளுங்கள், அவர்களே பேசிப் பதிந்து தருவார்கள். கேட்கத் தயங்க வேண்டாம், அங்கே அது வழக்கமான உதவி.

கியோட்டோவில் பாசிக் கோயில் என்று பெயர் பெற்ற ஸைஹோஜியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முன்பதிவு இல்லாமல் வாசலில் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு காலத்தில் பதில் அஞ்சலட்டை எழுதிப் போட்டுத்தான் பதிய முடியும். 2021லிருந்து இணையத்தில் பதியலாம், இரண்டு மாதத்துக்கு முன்பே திறக்கும். கட்டணம் 4,000 யென்னிலிருந்து. தோட்டத்துக்குள் விடுவதற்கு முன் தூரிகைப் பேனாவால் பௌத்தச் சூத்திரம் எழுதச் சொல்வார்கள். மங்கலாக அச்சிட்ட எழுத்தின் மேலேயே எழுதினால் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

3. எந்த மாதம் போகக்கூடாது

எந்த மாதம் நல்லது என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். போகக்கூடாத நாட்களைத்தான் யாரும் சொல்வதில்லை.

ஆகஸ்ட் நடுவில் ஓபொன். நம் மகாளய பட்சம் மாதிரி, முன்னோருக்கான நாட்கள். கோயில்காரர்களுக்கு வீடு வீடாகப் போய் ஓதும் வேலை இருக்கும், தியான அமர்வுகள் நின்றுவிடும். டிசம்பர் 1 முதல் 8 வரை ரோஹாட்சு. புத்தர் ஞானம் பெற்ற நாளான 8ஆம் தேதி வரை துறவிகள் கடுமையாக உட்காரும் வாரம் அது. பயிற்சி மடங்களில் வெளியாட்களுக்கு இடம் இருக்காது. ஆண்டுக் கடைசியிலும் ஜனவரி முதல் சில நாட்களிலும் இதே கதைதான். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை உள்ள கோல்டன் வீக்கில் ஜப்பானே விடுமுறையில் இருக்கும், அறை வாடகை ஏறிவிடும்.

நவம்பர் கடைசியில் மேப்பிள் இலை சிவக்கும் நேரம் தோஃபுகுஜிப் பாலத்தில் நிற்கவே முடியாது, திருவிழாக் கூட்டம் மாதிரி தள்ளிக்கொண்டு போகும். ஜூலை, ஆகஸ்டில் கியோட்டோவின் புழுக்கம் சென்னைக்குக் குறைந்ததில்லை. கூடவே கொசு. அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது காதோரம் கொசு ரீங்கரிப்பது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் பிப்ரவரி கடைசி, ஜூன் முதல் வாரம், அக்டோபர் நடு. பிப்ரவரியில் குளிர் எலும்பைக் கடிக்கும், ஆனால் கியோட்டோவில் கல்தோட்டத்துக்குப் பெயர் போன ரியோவான்ஜியின் திண்ணையில் உங்களைத் தவிர ஐந்து பேர்தான் இருப்பார்கள்.

4. விசா

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். 2024 ஏப்ரலிலிருந்து, குறுகிய காலச் சுற்றுலாவுக்கு, விசா விண்ணப்பம் வாங்கும் விஎஃப்எஸ் மையங்கள் வழியாக மின்விசா தருகிறார்கள். பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டார்கள்.

கொண்டுபோக வேண்டியவை: பாஸ்போர்ட், விண்ணப்பப் படிவம், புகைப்படம், விமான முன்பதிவு, ஒவ்வொரு இரவும் எங்கே தங்குகிறீர்கள் என்ற நாள்வாரித் திட்டம், வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, வேலை செய்பவர் என்றால் அலுவலக விடுப்புக் கடிதம், எதற்குப் போகிறீர்கள் என்று சொல்லும் ஒரு பக்கக் கடிதம். பட்டியல் அவ்வப்போது மாறும், விண்ணப்பிக்கும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள்வாரித் திட்டத்தில்தான் நான் மாட்டினேன். ஓர் இரவுக்குக் கோயில் தங்கல் 'உறுதியாகவில்லை' என்று எழுதி வைத்திருந்தேன். நேர்மையாக இருப்பதாக நினைப்பு. கூடுதல் ஆவணம் கேட்டார்கள், ஒரு வாரம் போயிற்று. ஓர் இரவுகூட இடைவெளி விடாதீர்கள். கோயில் பதிவு இன்னும் வரவில்லை என்றால், ரத்து செய்யக்கூடிய ஹோட்டல் ஒன்றை அந்த இரவுக்குப் போட்டுவைத்து அதையே எழுதுங்கள். திட்டத்தில் இருக்கும் தேதியும் ஹோட்டல் ரசீதில் இருக்கும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள்.

காலக் கணக்கு: ஒருமுறை நுழையும் விசா, கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும். அதனால் ஆறு மாதம் முன்பே போய் நிற்பதில் பயனில்லை. கிளம்ப ஒன்றரை மாதம் இருக்கும்போது விண்ணப்பித்தால் சரியாக இருக்கும்.

இன்னொரு பொறி விமான நிலையத்தில் காத்திருக்கும். மின்விசாவை இணையத்தில் திறந்து, கைப்பேசித் திரையில் நேரடியாகக் காட்ட வேண்டும். அச்சடித்த தாள், ஸ்கிரீன்ஷாட், பிடிஎஃப் எதுவும் செல்லாது. ஆகவே செக்கின் கவுன்டரில் கைப்பேசியில் நெட் இருக்க வேண்டும், சார்ஜ் இருக்க வேண்டும். விசிட் ஜப்பான் வெப் என்ற தளத்தில் குடிநுழைவு, சுங்க விவரங்களை வீட்டிலேயே நிரப்பி கியூஆர் குறியீட்டை எடுத்துவைத்தால் ஜப்பானில் இறங்கியதும் படிவம் எழுதும் வேலை மிச்சம்.

5. பணமும் பஸ்ஸும்

கோயில்களுக்கு மட்டும் போகிறீர்கள் என்றால் ஒஸாகாவின் கான்ஸாய் விமான நிலையத்தில் இறங்குவதே நல்லது. ஹருகா ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்தில் கியோட்டோ. டோக்கியோவில் இறங்கினால் கியோட்டோ வர ஷின்கான்ஸென் அதிவேக ரயிலுக்கு ஒரு வழிக்கு மட்டும் 14,000 யென் சொச்சம் ஆகும். முதுகில் பை மாட்டிய எல்லோரும், ஜப்பான் ரயில்களில் குறித்த நாட்களுக்குள் எத்தனை தடவையும் போகவிடும் ஜேஆர் பாஸ் வாங்கச் சொல்வார்கள். 2023 அக்டோபரில் அதன் ஏழு நாள் விலை 50,000 யென்னாக ஏறிவிட்டது. கியோட்டோவைச் சுற்றி மட்டும் அலைபவருக்கு அது வீண் செலவு.

அதே மாதிரி, பழைய கட்டுரைகளில் கியோட்டோ ஒருநாள் பஸ் பாஸ் பற்றி வரும். அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது இருப்பது சுரங்க ரயிலும் பஸ்ஸும் சேர்ந்த ஒருநாள் பாஸ், 1,100 யென். நகருக்குள் பஸ் கட்டணம் 230 யென். பின் கதவில் ஏறி, இறங்கும்போது முன்னால் காசு போட வேண்டும். நான் முதல் நாள் முன்பக்கமாக ஏறப் போய் ஓட்டுநர் பதறிப்போனார்.

மேற்கே இருக்கும் கோயில்களுக்குப் பஸ்ஸை விட ராண்டென் என்ற குட்டி டிராம் நல்லது. கிட்டானோ தடத்தில் மியோஷின்ஜிக்கு ஒரு நிலையம், ரியோவான்ஜிக்கு ஒரு நிலையம். காலை 8 மணிக்கு ரியோவான்ஜி திறக்கும்போது உள்ளே இருங்கள், டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை 8.30. அந்தக் கல்தோட்டத்தில் பதினைந்து கற்கள், எங்கிருந்து பார்த்தாலும் ஒன்று மறைந்திருக்கும் என்பார்கள். வருகிறவர்கள் எல்லாம் விரல் நீட்டி எண்ணிக்கொண்டே இருப்பார்கள், பத்து மணிக்கு மேல் போனால் அந்த எண்ணிக்கைச் சத்தம்தான் காதில் விழும். அங்கிருந்து தங்கக் கோயிலான கின்காகுஜிக்கு இருபது நிமிட நடை.

கோயில் நுழைவு பொதுவாக 500, 600, 800 யென். சிக்கல் எங்கே என்றால், ஒரு டிக்கெட் ஒரு பகுதிக்குத்தான். தென்ரியூஜியில் தோட்டத்துக்கு ஒன்று, கட்டடத்துக்குள் போகக் கூடுதல் காசு, மேக டிராகன் ஓவியம் உள்ள மண்டபத்துக்குத் தனி டிக்கெட். நான்ஸென்ஜியில் வளாகம் இலவசம், வாசல் மாடியில் ஏற ஒன்று, உள் தோட்டத்துக்கு ஒன்று. தைதோகுஜியில் ஒவ்வொரு துணைக்கோயிலுக்கும் தனித்தனி, அதிலும் பல எப்போதும் பூட்டித்தான் இருக்கும், சிலவற்றை இலையுதிர் காலத்தில் மட்டும் திறப்பார்கள். ஒரு நாளைக்கு நுழைவுக் கட்டணத்துக்கு மட்டும் 2,000 யென் ஒதுக்குங்கள். கார்டு எடுக்காத கோயில்கள் நிறைய. குறைந்தது பத்து நூறு யென் காசுகள் பையில் இருக்கட்டும்.

கடைசி நுழைவு பெரும்பாலும் 4 அல்லது 4.30 மணிக்கே முடிந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று கோயில் பார்க்கலாம் என்ற கணக்கு அங்கே செல்லாது.

6. என்ன உடுத்துவது

தளர்வான, அடர்நிறப் பேன்ட். ஜீன்ஸ் வேண்டாம், முட்டி மடங்காது. அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடை கூடாது. பெண்களுக்குச் சல்வார் சௌகரியம். அசையும்போது சலசலக்கும் வளையல், கொலுசு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் பையில் போட்டுவிடுங்கள். ஸென்ட் அடிக்காதீர்கள், பூவும் வேண்டாம். ஊதுபத்தி மணம் மட்டும்தான் அங்கே இருக்க வேண்டும்.

காலுறை பற்றிப் பெரிய குழப்பம் உண்டு. கோயில் கட்டடத்தில் நடக்கக் காலுறை வேண்டும், குளிர்காலத்தில் அந்த மரத்தரை பனிக்கட்டி. ஆனால் தியான மண்டபத்துக்குள் வெறுங்கால்தான். ஆகவே சட்டென்று கழற்றக்கூடிய, ஓட்டையில்லாத காலுறை. ஷூவும் அப்படியே. நாடா கட்டிய பூட்ஸ் போட்டுப் போனால் ஒரு நாளில் பதினைந்து தடவை குனிய வேண்டும்.

7. வாசலைத் தாண்டும்போது

இதில் பாதி நமக்குப் பழக்கமானது. வாசல்படியை மிதிக்கக் கூடாது, தாண்டிப் போக வேண்டும், பாட்டி சொன்னதுதான். செருப்பைக் கழற்றி மூக்கு வெளியே பார்க்க வைக்க வேண்டும். தாதாமிப் பாய் மேல் செருப்பு, ஸ்லிப்பர் எதுவும் கூடாது. பாயின் துணி ஓரத்தை மிதிக்காமல் நடங்கள். முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள், காகிதக் கதவு கிழிந்தால் வருத்தம் உங்களுக்குத்தான்.

கைதட்டாதீர்கள். ஷின்டோ ஆலயத்தில் இரண்டு தடவை கைதட்டி வணங்குவார்கள், பௌத்தக் கோயிலில் கைகூப்பித் தலைகுனிந்தால் போதும். முதல் நாள் ஃபுஷிமி இனாரியில் தட்டிப் பழகியவன், மறுநாள் கென்னின்ஜியில் பளார் என்று தட்டிவிட்டு அசடு வழிந்தேன்.

கழிப்பறைக்குத் தனி ஸ்லிப்பர் இருக்கும். உள்ளே போனால் அதை மாட்டுங்கள், வெளியே வந்தால் கழற்றுங்கள். கழற்ற மறந்து, 'கழிப்பறை' என்று எழுதிய பிளாஸ்டிக் ஸ்லிப்பரோடு நடைபாதையில் உலாவும் வெளிநாட்டவரைத் தினமும் பார்க்கலாம்.

தென்ரியூஜியின் கட்டட வாசலில் நுழைந்ததும் எதிரில் பெரிய தாருமா ஓவியம் உருட்டி விழிக்கும். தாருமா என்றால் நம் போதிதர்மர்தான். காஞ்சிபுரத்து இளவரசர் என்று நாம் சொல்லும் அதே மனிதர். ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி நின்றுவிட்டேன். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது, ஓரமாக நின்று பாருங்கள்.

8. அந்த ஒரு மணி நேரம்

குறித்த நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பே போங்கள். கழிப்பறை போய்விட்டு வாருங்கள். கைப்பேசியை அணையுங்கள், அதிர்வில் வைப்பதும் கூடாது, மரத்தரையில் அது உறுமும்.

சதுர மெத்தை மேல் சின்னத் திண்டு இருக்கும். திண்டின் முன்பாதியில் மட்டும் உட்கார வேண்டும். முழுவதும் ஏறி உட்கார்ந்தால் முதுகு வளைந்துவிடும். முழுப் பத்மாசனமோ, ஒரு காலை மட்டும் தொடைமேல் வைப்பதோ, முடிந்ததைச் செய்யுங்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தவர்கள் என்பதால் நமக்கு இது சுலபம் என்று நினைத்துத்தான் நானும் போனேன். சம்மணத்தில் முட்டி மேலே தூக்கி நிற்கும், இங்கே இரண்டு முட்டியும் தரையைத் தொட வேண்டும். அலுவலக நாற்காலியில் இருபது வருடம் உட்கார்ந்த இடுப்புக்கு அது தெரியாது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் இருபத்தைந்து நிமிடம் வீட்டில், ஒரு தலையணை மேல் உட்கார்ந்து பழகுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

முட்டி வலி உள்ளவர்கள் முன்பதிவின்போதே நாற்காலி கேளுங்கள். 'இசு தே மோ ஈ தெசு கா' என்றால் நாற்காலியில் உட்காரலாமா என்று அர்த்தம். தருவார்கள், குறைவாக நினைக்க மாட்டார்கள்.

இடக்கை வலக்கையின் மேல், இரண்டு கட்டைவிரல் நுனியும் லேசாகத் தொட்டபடி. கண்ணை மூடக் கூடாது. ஒரு மீட்டர் தள்ளித் தரையில் பார்வையைப் போட்டு, இமை பாதி தாழ்ந்திருக்க வேண்டும். மூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்று. ரின்ஸாய் கோயிலில் மரக்கட்டை ஒரு தட்டு, பிறகு சின்ன மணி நான்கு தடவை. அந்த நான்காவது மணி அடங்கிய பிறகு அசையக் கூடாது. மூக்கு அரித்தாலும்தான்.

எனக்கு முதல் பத்து நிமிடம் நன்றாகப் போயிற்று. பதினைந்தாவது நிமிடத்தில் இடது பாதம் மரத்தது. இருபதில் அது என் பாதம் இல்லை. மூச்சை எண்ணுவதை விட்டு, மணி எப்போது அடிக்கும் என்று எண்ண ஆரம்பித்தேன்.

நடுவில் துறவி ஒருவர் தட்டையான நீளக் கட்டையோடு மெதுவாக நடந்து வருவார். ரின்ஸாயில் கெய்ஸாகு என்பார்கள். தண்டனை இல்லை, கேட்டால்தான் அடிப்பார். தூக்கம் வந்தாலோ மனம் அலைந்தாலோ, அவர் உங்கள் முன் வரும்போது கைகூப்புங்கள். அவரும் வணங்குவார். கைகளைக் குறுக்கே மடித்துத் தோள்களைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிய வேண்டும். தோளுக்கும் முதுகுத் தண்டுக்கும் நடுவே உள்ள சதையில் பட்டென்று விழும், ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்கும், வலி அந்தச் சத்தத்தில் கால் பங்குகூட இல்லை. அடித்த பின் மறுபடி இருவரும் வணங்க வேண்டும். அதற்குப் பிறகு ஐந்து நிமிடம், அந்தப் பயணத்திலேயே எனக்கு மனம் வேறெங்கும் போகாமல் இருந்த ஐந்து நிமிடம் அதுதான். ஸோதோவில் துறவி பின்னாலிருந்து வருவார், வலது தோளில் மட்டும் அடிப்பார்.

முடிந்ததும் துள்ளி எழாதீர்கள். மரத்த காலோடு எழுந்து, பக்கத்தில் இருந்த அம்மா மேல் சாய்ந்துவிட்டேன். அந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும், முழுப் பத்மாசனத்திலிருந்து எழுந்து என்னைப் பிடித்து நிறுத்தினார். கையால் பாதத்தை எடுத்து வைத்து, தேய்த்து, உணர்ச்சி வந்த பிறகு எழுங்கள். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

9. சைவச் சாப்பாடு

கோயில் சாப்பாட்டுக்கு ஷோஜின் ரியோரி என்று பெயர். கறி, மீன் கிடையாது, வெங்காயம், பூண்டும் கிடையாது. நம் ஊர் விரதச் சமையல் மாதிரி. எள்ளும் மாவும் சேர்த்துக் கிண்டிய எள் தோஃபு, பாலாடை போல் எடுத்த சோயாப்பால் ஏடு, ஊறுகாய், சோறு, சூப். தென்ரியூஜிக்குள் ஷிகெட்சு, தைதோகுஜிப் பக்கம் இஸுஸென் இரண்டும் பெயர் பெற்றவை. ஒரு சாப்பாட்டுக்கு 4,000 யென்னாவது வைத்துக்கொள்ளுங்கள். ஷிகெட்சுவுக்குத் தோட்ட டிக்கெட்டும் வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது.

கோயிலுக்கு வெளியேதான் ஆபத்து. நான்ஸென்ஜியைச் சுற்றித் தோஃபு கடைகள் வரிசையாக இருக்கும். தோஃபு சைவம், தொட்டுக்கொள்ளும் சாறு சைவம் இல்லை, அதில் காய்ந்த மீன் சீவல் போட்டிருப்பார்கள். 'நான் வெஜிடேரியன்' என்றால் கறித்துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். 'கட்சுவோ தாஷி வா தமே தெசு', மீன் சாறு கூடாது என்று எழுதி, கைப்பேசியில் ஜப்பானிய எழுத்தில் காட்டுங்கள். இன்ஸ்டன்ட் புளியோதரைப் பொடி நான்கு பாக்கெட் எடுத்துப்போங்கள். கடையில் வெறும் சோறு எங்கும் கிடைக்கும்.

10. இரவு தங்குவதென்றால்

நேரம் இருந்தால் எய்ஹெய்ஜி. ஸோதோ பிரிவை ஜப்பானில் தொடங்கிய துறவி தோகென் 1244ல் நிறுவிய மலைக்கோயில், இன்றும் இளம் துறவிகள் பயிற்சி எடுக்கும் இடம். கியோட்டோவிலிருந்து தண்டர்பேர்ட் ரயில் நேராக ஃபுகுயி போகும் என்று பழைய வழிகாட்டிகளில் இருக்கும். 2024 மார்ச்சிலிருந்து அது ஸுருகாவோடு நின்றுவிடுகிறது, அங்கே ஷின்கான்ஸென்னுக்கு மாற வேண்டும். ஃபுகுயி நிலையத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். கடைசி பஸ் நேரத்தைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

ஒரு நாள் பார்த்துவிட்டு வர நுழைவு 700 யென். தங்குவதற்கு முன்கூட்டியே பதிய வேண்டும், ஜப்பானியம் தெரியாது என்பதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு வேளைச் சாப்பாடு சேர்த்து 10,000 யென்னை ஒட்டி ஆகும். பக்கத்திலேயே ஹாகுஜுகான் என்ற விடுதி இருக்கிறது. விலை அதிகம், ஆனால் கோயில் காலை வழிபாட்டுக்கு வழிகாட்ட ஆள் உண்டு. பெரிய பெட்டியை மலைக்கு இழுக்காதீர்கள். தக்கியூபின் சேவையில் 2,000, 3,000 யென்னுக்கு அடுத்த ஹோட்டலுக்கு அனுப்பிவிடலாம், மறுநாள் போய்ச் சேரும்.

உள்ளே விதிகள் உண்டு. தியான மண்டபம், குளியலறை, கழிப்பறை மூன்றிலும் பேசக் கூடாது. சாப்பாட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது. கடைசியில் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, ஒரு துண்டு முள்ளங்கி ஊறுகாயால் சுற்றித் துடைத்து, அந்த நீரையும் குடித்துவிட வேண்டும். ஆகவே ஊறுகாயை முதலிலேயே தின்றுவிடாதீர்கள், ஒரு துண்டு வைத்திருங்கள். இரவு 9 மணிக்கு விளக்கு அணையும். விடியும் முன்பே எழுப்பிவிடுவார்கள். அறையில் ஹீட்டர் இருக்கும், நடைபாதையில் இருக்காது. காலை வழிபாட்டுக்குப் படி ஏறிப் போகும்போது உள்ளே தெர்மல் போட்டிருங்கள்.

11. கோஷுயின் வாங்க நினைத்தால்

கோயிலுக்குப் போய் வந்ததற்கு அடையாளமாக, தூரிகையால் கோயில் பெயர் எழுதிச் சிவப்பு முத்திரை வைத்துத் தருவது கோஷுயின். அதற்கென்று மடிப்புப் புத்தகம் உண்டு, 1,500 முதல் 2,500 யென், பெரிய கோயில்களிலேயே விற்பார்கள். சாதாரண நோட்டை நீட்டினால் மறுத்துவிடுவார்கள். ஒரு பக்கத்துக்கு 300 முதல் 500 யென், சில்லறையாகக் கொடுங்கள்.

முதலில் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள், பிறகு கேளுங்கள். புத்தகத்தின் உறையைக் கழற்றி, எழுத வேண்டிய பக்கத்தைத் திறந்து கொடுங்கள். எழுதும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். நாலு மணிக்கு மேல் எழுதுபவர் எழுந்து போய்விடலாம், அப்போது முன்பே எழுதிவைத்த தாளைத் தருவார்கள், அதை வீட்டில் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். எழுதிய பக்கத்தின் மேல் ஒரு மெல்லிய தாளை வைத்து மூடித் தருவார்கள். மை காய அரை நாளாவது ஆகும், அந்தத் தாளை எடுத்துவிடாதீர்கள். நான் எடுத்தேன். என் புத்தகத்தில் ரியோவான்ஜியின் பெயர் இப்போது எதிர்ப்பக்கத்திலும் இடவலம் மாறி இருக்கிறது.